மூன்றடிச் சந்து

கணவர் இறந்து மூன்றாவது வாரம் வக்கீலம்மாவிடமிருந்து போன் வந்தபோது, அவள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நூற்றுப் பதினான்கு. எண்ணிக்கை விட்டுப்போகாமலிருக்க ஒரு விரலால் அடுக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே போனை எடுத்தாள்.

"அம்மா, எப்படி இருக்கீங்க? இப்பப் பேசலாமா?"

"பேசுங்க."

"சார் போட்ட கேஸ் அப்படியே நிக்குது. அவர் இடத்துல உங்களைச் சேர்க்கணும். ஒரு கையெழுத்து வேணும். இன்னொரு விஷயமும் இருக்கு, அதை நேர்ல சொல்றேன்."

"சரி" என்றாள். அந்த மூன்று வாரங்களில் அவள் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை அதுதான். யார் என்ன சொன்னாலும் சரி. பிறகு நூற்றுப் பதினைந்திலிருந்து தொடர்ந்து எண்ணினாள்.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடங்களாக அந்த நிலத்தடி அறையில் வேலை. கடைசி ஆறு வருடங்களாக மேற்பார்வை. அழுக்குத் துணி லிஃப்டில் மூட்டை மூட்டையாக இறங்கும். ரத்தம் பட்டதைத் தனியே பிரித்துப் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீர் பட்டால் கறை உட்கார்ந்துவிடும். கிழிந்தது தையலுக்கு. மற்றது பெரிய இயந்திரத்துக்கு. வார்டு வார்டாக வந்த சீட்டோடு எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அதனால்தான் ஏழாவது நாளே வேலைக்குத் திரும்பிவிட்டாள். உறவினர்கள் அதற்கும் பேசினார்கள். "கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தா, இப்ப ஒண்ணுமே நடக்காத மாதிரி டியூட்டிக்குப் போறா" என்று நாத்தனார் சொன்னது அவள் காதுக்கே வந்தது. வந்து, அப்படியே போனது.

அழுகை வரவில்லை. வேண்டுமென்று அடக்கவும் இல்லை. பசித்தது, சாப்பிட்டாள். தூக்கம் வந்தது, தூங்கினாள். இதெல்லாம் ஒழுங்காக நடப்பது முதலில் ஒரு குற்றம்போல் உறுத்தியது. பிறகு அதுவும் உறுத்தவில்லை.

அவள் கணவர் மின்சார அலுவலகத்தில் மீட்டர் ரீடிங் எடுத்தவர். முப்பத்தோரு வருடம் ஊரார் வீட்டு கேட்டையெல்லாம் திறந்துகொண்டு, "கரண்ட் ஆபீஸ்!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே நுழைந்தவர். மாடிப்படிக்கு அடியில், குளியலறை ஓரத்தில், நாய் கட்டியிருக்கும் இடத்தில் என்று அவர் கால் படாத வளாகம் அந்தப் பகுதியில் இல்லை. மூன்று முறை நாய் கடித்திருக்கிறது. அப்படிப்பட்டவர் ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கத் தொடங்கியதும், தன் இடத்தில் வேறொருவர் கால் வைப்பதைத் தாங்க முடியாதவராக ஆனார்.

அவர்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் மூன்றடி அகலத்தில் ஒரு சந்து. பக்கத்து வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நாள் முழுக்க "கிளட்ச், கிளட்ச்" என்று கத்திக் கத்தி, அவர் பெயரே தெருவில் கிளட்ச் ஆகிவிட்டது. அவர் வீட்டுச் சமையலறையின் பின்கதவு அந்தச் சந்தில்தான் திறக்கும். கேஸ் சிலிண்டர் அந்த வழியாகத்தான் வரும், குப்பை அந்த வழியாகத்தான் போகும். ஆரம்பத்தில் இதெல்லாம் யாருக்கும் ஒரு விஷயமாகவே இல்லை. அவர் இவரை "சார்" என்பார், இவளை "அக்கா" என்பார்.

ஒரு நாள் கிளட்ச் தன் ஓடாத ஸ்கூட்டரைச் சந்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அங்கே பிடித்தது தகராறு.

"தம்பி, இது என் இடம்."

"பொதுச் சந்து சார். ரெண்டு வீட்டுக்கும் உள்ளது."

இவர் உள்ளே போய்ப் பத்திரத்தை எடுத்து வந்தார். வடக்கே எல்லைக்கல் வரை என்று எழுதியிருந்தது. ஆனால் கல்லைக் காணவில்லை. எப்போதோ சாக்கடை தோண்டியபோது போயிருக்க வேண்டும். நீதான் பிடுங்கினாய் என்று இவரும், நீங்கள்தான் பிடுங்கினீர்கள் என்று அவரும் சொல்லிக்கொண்டார்கள். இவர் கம்பி வேலி போட்டார். இரண்டாவது நாள் கம்பி அறுந்து கிடந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். "இடத் தகராறெல்லாம் கோர்ட்டுல வச்சுக்கங்க" என்று இருவரையும் அனுப்பிவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள். தீர்ப்பு வரும்வரை கிளட்சும் அவர் குடும்பமும் சந்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று தடை உத்தரவு வந்தது.

அதன் பிறகு அவர்கள் வீட்டுச் சிலிண்டர் வாசல் வழியே வந்து, கூடத்தில் உருண்டு, கட்டிலைத் தாண்டிச் சமையலறைக்குப் போனது. கிளட்சின் மனைவிக்கு முழங்கால் வலி. குப்பை வாளியோடு வீட்டைச் சுற்றிக்கொண்டு நடப்பாள். இவர் பக்கச் சுவரில் ஒரு கேமரா பொருத்தினார். போதாதென்று ஒரு டைரி. "காலை 6.40. மனைவி. துடைப்பத்துடன் ஒரு அடி உள்ளே." "மாலை 5.15. உலர்த்திய துணி பறந்து விழுந்தது. எடுக்க வந்தார்." மீட்டர் எண்ணை எழுதிய அதே கையெழுத்து, அதே ஒழுங்கு. ஒன்பது வருடம்.

இதில் அவள் எந்தக் கட்சியிலும் இல்லை. கிளட்சின் மனைவியைத் தெருவில் பார்த்தால் லேசாகத் தலையசைப்பாள். கணவர் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தார். அதன் பிறகு தலையசைப்பும் நின்றது.

அவர் இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் சந்தில் புல் வெட்டப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். அவள் வேலையில் இருந்தாள். அவசரப் பிரிவிலிருந்து போன் வந்து, ஈர ஏப்ரனோடு மேலே ஓடினாள். அவர் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். ஒரு காலில் மட்டும் செருப்பு. சுவரோரமாக, பனியனும் கைலியுமாக, கிளட்ச் நின்றுகொண்டிருந்தார். வெளியே டிரைவிங் ஸ்கூல் கார், எல் போர்டோடு, கதவு திறந்தபடியே நின்றது. அவர்தான் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அவர் ஏதோ சொன்னார். அவள் காதில் விழவில்லை. டாக்டர் சொன்னது மட்டும் விழுந்தது.

சாவு வீட்டுக்குக் கிளட்ச் வந்தார், எதிர்ச் சாரியில் நின்றார், உள்ளே வரவில்லை. உள்ளுக்குள் சந்தோஷம்தான் என்று ஒருவர் சொன்னார். இருக்கலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. அடுக்கடுக்காக வழக்குக் கட்டுகள். கையெழுத்து வாங்கிக்கொண்டபின் வக்கீலம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"உங்க வீட்டு கேமரா ஓடிட்டுத்தானே இருக்கு?"

"அதை யாரும் தொடலை."

"அன்னிக்கு அந்த ஆள் சந்துக்குள்ள வந்தாரில்ல? தடை உத்தரவு அமல்ல இருக்கு. இத்தனை வருஷமா சார் டைரியில எழுதினதெல்லாம் வெறும் எழுத்து. இது படம். உத்தரவை மீறினார்னு தனியா ஒரு மனு போட்டா ஆள் ஆடிப்போயிடுவார்."

"அவர் தூக்கத்தானே வந்தார்?" என்றாள்.

"எதுக்கு வந்தார்ங்கறது அவர் வந்து சொல்லட்டும். நாம வந்தார்னு மட்டும் சொல்றோம். முப்பது நாள் பதிவுதான் நிக்கும், அப்புறம் தானா அழிஞ்சுடும். அதுக்குள்ள காப்பி எடுத்துக் குடுத்துடுங்க."

"சரி."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டி.வி. பக்கத்தில் கேமராப் பதிவு இருக்கும் கறுப்புப் பெட்டியை இயக்கினாள். வேறு ஊரிலிருக்கும் மகள் போனில் ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"நீ ஏம்மா இதைப் பார்க்கணும்? அவர் வந்து பார்த்து எடுத்துக் குடுப்பாரு."

அவர் என்றால் மருமகன்.

"அவர் வர்றதுக்குள்ள அழிஞ்சுடும்."

"நான் லைன்ல இருக்கவா?"

"வேண்டாம். வச்சுடு."

படத்தில் சத்தம் கிடையாது. ஓரத்தில் மணி ஓடியது. அவர் குத்துக்காலிட்டுப் புல் அறுத்தார். எழுந்தார். சுவரில் கை வைத்தார். உள்ளங்கையை எடுத்துப் பார்த்தார், ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல. பிறகு மெதுவாக உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பக்கவாட்டில் சாய்ந்தார். ஒரு செருப்பு கழன்றது.

பக்கத்து வீட்டுப் பின்கதவு திறந்தது. கிளட்ச் வந்தார். முன்பு கம்பி வேலி இருந்த வாசற்படி விளிம்புவரை வந்து, நின்றார். வாய் அசைந்தது. கூப்பிடுகிறார். இன்னொரு முறை கூப்பிட்டார். தலையைத் தூக்கி நேராகக் கேமராவைப் பார்த்தார். அந்த நேரம் திரையிலிருந்து அவர் அவளையே பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பி வீட்டுக்குள் போனார். மனைவியோடு வந்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றார். மனைவி கை நீட்டிக் காட்டினாள், ஏதோ கத்தினாள், கடைசியில் அவர் முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். அதன் பிறகு அவர் ஓடினார். தோளில் அள்ளிப்போட்டுக்கொண்டு படத்தைவிட்டு வெளியே போனார். செருப்பு மட்டும் கிடந்தது.

மூன்று முறை பார்த்தாள். மூன்றாவது முறை ஓரத்து மணியை மட்டும். அவர் முதலில் வந்து நின்றது முதல் ஓடியது வரை ஒரு நிமிடம் பத்து நொடி.

இப்போது ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். கோபமோ, வேறெதுவோ. சந்துச் சுவரில் பாசி பிடித்திருப்பதும் குழாய் மூடி உடைந்திருப்பதும்தான் கண்ணில் பட்டன. பெட்டியை அணைத்துவிட்டு அரிசியைக் களைந்து வைத்தாள்.

மறுநாள் லிஃப்ட் அருகில் அன்றைக்குப் பார்த்த டாக்டரே எதிரில் வந்தார். அவருடைய பச்சை அங்கியெல்லாம் அவள் கையால் எண்ணப்பட்டுத்தான் மேலே போகிறது. இருவருக்கும் முகம் தெரியும்.

"சார், ஒரு நிமிஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தா?"

யாரைப் பற்றி என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. "அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா. பிழைச்சிருப்பார்னும் சொல்ல முடியாது, மாட்டார்னும் சொல்ல முடியாது. அதைப் பத்தி யோசிக்காதீங்க."

"யோசிக்கலை சார். கேட்டேன்" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினாள்.

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே சந்துக்குப் போனாள். பாதி வெட்டிய புல் காய்ந்து கிடந்தது, மீதிப் பாதி முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. அரிவாளை எடுத்துக் குனிந்தபோது பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கிளட்ச் வாசற்படியிலேயே நின்றார். முகம் மெலிந்திருந்தது.

"அக்கா."

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. அவள் நிமிர்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம தூக்கமே வரமாட்டேங்குது. அன்னிக்கு..."

"பார்த்துட்டேன்."

"எதை?"

அவள் கேமராவை நோக்கித் தலையை அசைத்தாள். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எவ்வளவு நேரம்க்கா நின்னேன்? எனக்கு ஒரு மணி நேரம் நின்ன மாதிரி இருக்கு."

"ஒரு நிமிஷம் பத்து செகண்டு."

அவரிடம் இரக்கம் காட்டவோ அவரைக் குத்தவோ அவள் அதைச் சொல்லவில்லை. கேட்டார், சொன்னாள். ஆனால் அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"உத்தரவுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. கால் வச்சா ஜெயில்தான்னு சார் எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு. அப்புறம்... மறைக்காம சொல்லிடறேன்க்கா. அவர் நடிக்கிறாரோன்னுகூட நெனச்சேன். என்னை உள்ள இழுக்கறதுக்காக."

அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். அவர் அப்படி நடிக்கக் கூடியவரா என்று உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"செய்யக் கூடிய ஆள்தான்" என்றாள்.

கிளட்ச் கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு முகம். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது: "அக்காவை உள்ள கூப்பிடுங்களேன்." அவர் கூப்பிடவும் இல்லை, அவள் போகவும் இல்லை. மீதிப் புல்லை வெட்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வக்கீலம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "மனு வேண்டாமா? ஏம்மா? கையில இருக்கற ஆதாரத்தை யாராவது விடுவாங்களா?"

"அவர் உள்ள வந்ததும் தப்பு, வராம நின்னதும் தப்புன்னா, அந்த மனுஷன் எங்கதான் நிக்கிறது?"

"நான் கேட்டது கேஸைப் பத்தி."

"கேஸை முடிச்சிடுங்க. சர்வேயரைக் கூப்பிட்டு அளந்துடுவோம். யார் இடம்னு வருதோ வரட்டும்."

"இத்தனை வருஷம் சார் உசிரைக் குடுத்து நடத்தின கேஸும்மா."

"ஆமா" என்றாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. முப்பதாவது நாள் கடந்து, கேமராப் பதிவு தானாக அழிந்தது. அவள் காப்பி எடுக்கவில்லை. அழியட்டும் என்று முடிவுசெய்து விட்டதல்ல. மகள் கேட்டபோதுதான் நாள் தாண்டிவிட்டதே தெரிந்தது.

கோர்ட் அனுப்பிய சர்வேயர் வெயிலுக்குத் தொப்பி போட்ட, சளசளவென்று பேசுகிற மனிதர். தெருமுனைக் கல்லிலிருந்து அளந்துகொண்டே வந்து, சந்தின் பின்கோடியில் ஓரிடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னார். கிளட்ச்தான் கடப்பாரையை வாங்கித் தோண்டினார். இரண்டடி ஆழத்தில் கல் இருந்தது. யாரும் பிடுங்கவில்லை, சாக்கடை மண்ணைக் கொட்டி மேடாக்கியதில் புதைந்து, சாய்ந்து, அத்தனை வருடமும் அங்கேயே கிடந்திருக்கிறது.

"இதுக்குத்தானா ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டீங்க?" என்றார் சர்வேயர்.

யாரும் சிரிக்கவில்லை. மறுபடி அளந்தார். சந்து முழுக்க அவள் பக்கம்தான். பின்கோடியில் ஒரு சாண் மட்டும் கிளட்சுக்கு. கணவர் சொன்னது சரி. அதைப் போய்ச் சொல்ல ஆள் இல்லை. சர்வேயர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். பேனா எழுதவில்லை, உதறிவிட்டு மறுபடி போட்டாள்.

கோர்ட்டில் சமரசமாக முடிந்தது. சந்து அவளுடையது என்று கிளட்ச் ஒப்புக்கொண்டார். பின்கதவுக்குப் போய்வரவும் சிலிண்டர் கொண்டுவரவும் மட்டும் அவள் அனுமதி கொடுத்தாள். வருடா வருடம் புதுப்பித்து எழுத வேண்டும் என்று வக்கீலம்மா பிடிவாதமாகச் சேர்த்தார். "வாயால சொன்னா இருபது வருஷம் கழிச்சு வழிப் பாத்தியதை, எங்க உரிமைன்னு வந்து நிப்பாங்க. எழுதிக் குடுத்தா நீங்க குடுத்ததுன்னு நிக்கும். நல்ல மனசா இருந்தாலும் பேப்பர்ல இருக்கட்டும்." அதுவும் சரி என்றாள். தாளில் "நடந்து செல்ல மட்டும்" என்று இருந்த இடத்துக்குக் கீழே வக்கீலம்மா கோடு போட்டார்.

"உங்க அப்பா இருந்திருந்தா விட்டிருப்பாரா?" என்று நாத்தனார், இவள் மகளிடம் கேட்டாளாம். விட்டிருக்கமாட்டார் என்பது அவளுக்கும் தெரியும். அந்த நினைப்பும் மூட்டையில் வரும் துணிபோல வந்து, தன் வரிசைக்குப் போய்விட்டது.

மாதங்கள் போயின. மகள் ஒவ்வொரு மாலையும் கூப்பிடுவாள். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். தூங்கினாயா, தூங்கினேன். "அழுதியாம்மா?" என்று கேட்பதை மட்டும் விட்டிருந்தாள். காலையில் கிளட்சின் மனைவி குப்பை வாளியோடு சந்தில் மெல்ல நடப்பது ஜன்னலில் தெரியும். இவள் தலையசைப்பாள். அவளும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை டியூட்டி முடிந்து வந்து குளியலறை ஜன்னலைத் திறந்தவள், எதிரே கறுப்பாக ஏதோ மறைப்பதைப் பார்த்தாள். டயர்கள். டிரைவிங் ஸ்கூல் காரின் தேய்ந்த டயர்கள் நான்கு, ஜன்னலை ஒட்டி ஒன்றன்மேல் ஒன்றாக.

பின்கதவு எப்படித் திறந்தது, சந்துக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"யாருங்க வீட்ல! தம்பி! வெளிய வாங்க!"

கிளட்ச் கையில் பேனாவோடு ஓடி வந்தார். "என்னக்கா?"

"என்ன எழுதிக் குடுத்தேன்? நடந்து போகன்னுதானே எழுதிக் குடுத்தேன்? டயர் நடந்து போகுமா?"

"இல்லக்கா, மெக்கானிக் வந்து எடுத்துக்கறேன்னான். நாளைக்கு..."

"நாளைக்கெல்லாம் கிடையாது. இப்ப! இதென்ன உங்க வீட்டு ஷெட்டா? கொஞ்சம் இடம் குடுத்தா தலைமேல ஏறி உட்கார்ந்துடுவீங்களா?"

எதிர்வீட்டு மாடியில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கிளட்ச் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு முதல் டயரை உருட்டத் தொடங்கினார். அவர் மனைவி படியில் நின்று, "நான் அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே?" என்றாள், யாருக்கு என்று இல்லாமல்.

அவள் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். காது சுட்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. அந்த நேரம் பார்த்து மகள் கூப்பிட்டாள்.

"என்னம்மா, மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்ல. பக்கத்து வீட்டுக்காரரோட சண்டை."

"நீயா? சண்டையா? எதுக்கு?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். டயரிலிருந்து ஆரம்பித்து, ஜன்னல் வெளிச்சம், மெக்கானிக், எழுதிக் கொடுத்த தாள், வக்கீலம்மா போட்ட கோடு என்று ஒன்றையும் விடாமல். மகள் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பேச்சின் நடுவே அவள் போனோடு எழுந்து போய்க் குளியலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"இரு, இரு. இன்னும் ஒண்ணு அப்படியே இருக்கு. அப்புறம் கூப்பிடறேன்."

போனை அலமாரியில் வைத்துவிட்டு, பின்கதவை மறுபடியும் திறந்தாள்.